மழைத்தண்ணீரில் குளோரின்

"இன்னைக்கு ரெண்டு இலை ஓரம் வெளுத்துப்போச்சு கண்ணு," என்றார் பம்ஃபில், போனில் முகம் காட்டி.

மகள் ஸ்மராந்தாவுக்கு வேலை க்ளூஜ் நகரத்தில், மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் பண்ணையில். அம்மா இறந்தபின் சுருண்டு படுத்துவிட்ட அப்பாவுக்குத் தொட்டியும் எட்டு லெட்யூஸ் கீரை நாற்றும் அனுப்பிவைத்தாள். அப்பா மறுபடி முகம் மழித்துக்கொள்ள ஆரம்பித்தது அந்தச் செடிகளால்தான் என்று நம்பினாள். அவை செத்தால் அவரும் பழையபடி படுத்துவிடுவார்.

"வேர் எப்படி இருக்கு?"

"பழுப்பா இருக்கு."

"குழாய்த் தண்ணியில குளோரின் ஜாஸ்திப்பா. வாளியில பிடிச்சு ஒருநாள் வெயில்ல வைங்க. பறந்துடும்."

செவ்வாய்க்கிழமை நான்கு இலைகள் வெளுத்திருந்தன.

"சில குளோரின் அப்படிப் போகாது. வைட்டமின் சி மாத்திரை ஒண்ணு பொடிச்சுப் போடுங்க."

வியாழக்கிழமை தொட்டி முழுக்க ஆரஞ்சு நிறம்.

"ஐயோ, என்ன மாத்திரை போட்டீங்க?"

"நுரைக்குமே, அது. செடிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எனக்கு நல்லாத்தான் இருக்கு."

ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் பேசிவந்தவள் இப்போது காலையும் மாலையும் கூப்பிட்டாள். மழைத்தண்ணீர் பிடிக்கச் சொன்னாள். அடுத்த அழைப்பில் அப்பா கூரையோரம் தெரிந்தார்.

"எழுபத்திரெண்டு வயசுல ஏணியா! இறங்குங்கப்பா!"

"இறங்குறேன், இறங்குறேன். நீ போனை வச்சிடாத."

மழைத்தண்ணீர் ஊற்றியும் இலைகள் கருகின. தபாலில் குளோரின் அளவு காட்டும் சோதனைத் தாள்கள் அனுப்பினாள். தொட்டியில் நனைத்த தாளை அப்பா படம் எடுத்து அனுப்பினார். அடர் ஊதா. நீச்சல் குளத்துக்குக்கூட அது அதிகம்.

பண்ணை முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க ஊர்ல மேகத்துக்கே குளோரின் போடுறாங்களா?"

ஸ்மராந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டில் மூன்றுதான் மிச்சம். ஈஸ்டருக்கு வர முடியாது என்று போன மாதமே சொல்லியிருந்தவள், கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கினாள். பத்து மணி நேரம் ரயில், பிறகு பேருந்து. ஈஸ்டருக்கு முந்தின நாள் ஊரில் இறங்கியவள், வீட்டுக்குப் போகுமுன் தெருமுனைக் கடையில் ஆறு பாட்டில் தண்ணீர் கேட்டாள்.

"செடிக்கு ஊத்தணும் அக்கா. எங்கிருந்துதான் வருதோ தெரியல, இந்தக் குளோரின்."

கடைக்கார அனேத்தா பாட்டிலை எடுக்காமல் அவளையே பார்த்தாள்.

"பம்ஃபில் பொண்ணா நீ? கிணத்துல போடுற குளோரின் மாத்திரையை வாரம் ஒரு டப்பா வாங்கிட்டுப் போவாரே உங்கப்பா, 'எம்பொண்ணு வர்றா, இனிமே வேண்டாம்'னு மிச்சத்தைக் காலையிலதான் திருப்பிக் குடுத்துட்டுப் போனாரு."