பிள்ளையார் சுழி போட்ட எஞ்சின்

மாமனார் முன்னால் எந்தக் காரியத்தையும் முதல் முறையாகச் செய்து பார்க்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. பி.ஏ. பட்டம் இருந்தது, ஒரு கார் இருந்தது, உத்தியோகம் மட்டும்தான் இல்லை.

கார் என் பெரியப்பாவுடையது. கப்பலேறி ஊருக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரிடம் வாங்கினார். சிவப்பு நிறம், கூரை கிடையாது, முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்னால் டிக்கியைத் திறந்தால் இன்னொரு ஆள் முழங்காலை மடக்கிக் குந்த ஒரு இருக்கை இருக்கும். பந்தயத்துக்கென்றே செய்த வண்டி என்பார். பிள்ளையில்லாத மனிதர், காலமானபோது தல்லாகுளத்து வீட்டையும் காரையும் எனக்கு எழுதி வைத்திருந்தார். இரண்டு மழைக்காலம் கொட்டகையில் சும்மா கிடந்ததில் எஞ்சின் இறுகிப்போயிருந்தது. நானே பிரித்து நானே பூட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். (யாரைக் கேட்டு என்று திருவாதவூரிலிருந்து அம்மா சொல்லியனுப்பினாள். நியாயமான கேள்விதான்.)

இதற்கு நடுவே தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் பேரையூர், பெயர் பொன்னுத்தாயி. மாமனார் பருத்தி போடுகிற சம்சாரி, அதிகம் பேச மாட்டார். மகளைப் பார்க்க எப்போது வந்தாலும் மாப்பிள்ளையின் கால்கள் மட்டும் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களிடமே இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஆனிக் கடைசியில் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அடுத்த வாரம் புதன்கிழமை வருவதாகவும், மகளை ஆடிக்கு அழைத்துப் போவதாகவும் எழுதியிருந்தார். அது ஊர் வழக்கம். புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், குடிக்கு ஆகாது என்பார்கள். ஆவணியில் திரும்ப வந்துவிடுவாள், அதுவரை சரி. ஆனால் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: ‘மாப்பிள்ளைக்கு ஒரு உத்தியோகம் அமைந்ததும் அனுப்பி வைக்கிறோம்.’

எனக்கு உத்தியோகம் அமைவது இந்த ஆவணியிலா, எந்த ஆவணியிலா என்று யாருக்குத் தெரியும்? பொன்னுத்தாயி இல்லாத வீட்டை நினைத்தாலே பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. ஆகவே மாமனாருக்குப் பதில் எழுதினேன். பஸ்ஸில் சிரமப்பட வேண்டாம், உங்கள் இருவரையும் நானே காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்று. பேரையூர்க் கடைத்தெருவில் ஊர் பார்க்கச் சிவப்புக் காரிலிருந்து இறங்கியவர், அதற்கப்புறம் எந்த முகத்தோடு மகளைத் தடுத்து வைப்பார்?

கார்டைத் தபாலில் போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். எஞ்சின் அப்போது நாற்பது துண்டாகச் சாக்கின் மேல் கிடந்தது.

அந்தப் பத்து நாளும் நான் தூங்கினேனா என்று நினைவில்லை. பிஸ்டன்களில் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டினேன். மதராஸிலிருந்து பார்சலில் வந்த புது ரிங்குகளை மாட்டினேன். வால்வுகளை அரைத்து அரைத்து உள்ளங்கை கொப்பளித்துப்போனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லாம் பூட்டியாகிவிட்டது. மிச்சம் நாலு கம்பிகள். மேக்னெட்டோவிலிருந்து பொறியைக் கொண்டுபோகும் கம்பிகள், சிலிண்டருக்கு ஒன்று. எது எந்த சிலிண்டருக்கோ அதில்தான் மாட்ட வேண்டும், மாறினால் எஞ்சின் வெடி போடும். கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு துணியைக் கட்டிக் காப்பிங் பென்சிலால் எண் எழுதி வைத்திருந்தேன். அப்பா ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம், எங்கள் வீட்டில் எல்லாமே தமிழ் எண்தான்: ௧, ௨, ௩, ௪.

அன்றைக்கே மாட்டியிருக்கலாம். ஆனால் செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். தவிரவும், முதல் ஸ்டார்ட்டை மாமனார் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. (ஆசை என்றா சொன்னேன்? திமிர்.)

புதன் காலை எமகண்டம் ஒன்பது மணிக்குக் கழிந்தது. பன்னிரண்டுக்கு ராகுகாலம். நடுவில் மூன்று மணி நேரம், எனக்கு இரண்டு நிமிஷம் போதும். ஏறி உட்காருங்கள் என்றேன். பொன்னுத்தாயி பலகாரக் கூடையோடு முன்னால் உட்கார்ந்தாள். மாமனார் வெள்ளை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு டிக்கியில் இறங்கி, வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டார். தெருவே வாசலில் நின்றது. நான் எஞ்சின் மூடியைத் திறந்தேன்.

நாலு கம்பியிலும் நாலு புது மஞ்சள் துணி கட்டியிருந்தது. நாலிலும் அழகாக, ஒரே மாதிரி, ‘௨’.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதை யார் மாற்றியது என்று பொன்னுத்தாயியிடம் மெல்லக் கேட்டேன்.

“நாந்தேன்,” என்றாள், சந்தோஷமாக. “பழைய துணியெல்லாம் எண்ணெயில ஊறிக் கெடந்துச்சு. ஒண்ணுலதேன் நீங்க போட்ட பிள்ளையார் சுழி தெரிஞ்சுச்சு. மத்ததுல அழிஞ்சுபோச்சேன்னு நாலுலயும் நல்லாப் போட்டுவிட்டேன்.”

தமிழில் இரண்டும் பிள்ளையார் சுழியும் ஒரே உருவம். அவள் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. கார் கிளம்பவேண்டும் என்று என்னைவிட அவளுக்குத்தான் வேண்டுதல் அதிகம் என்பது அந்தத் துணியின் முடிச்சிலேயே தெரிந்தது. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை, எனக்கு அழுகைதான் வந்தது.

எந்தக் கம்பியில் சுழி தெரிந்தது என்று அவளுக்கும் நினைவில்லை. நாலு கம்பியை நாலு இடத்தில் இருபத்து நாலு விதமாக மாட்டலாம். (கம்பிகளின் நீளத்தைப் பார்த்தே பாதி தெரிந்திருக்குமே என்று பின்னால் ஒரு பஸ் மெக்கானிக் சொன்னார். பி.ஏ.வுக்குத் தோன்றவில்லை.) ஒவ்வொரு விதமாக மாட்டி, முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் மூன்றுக்கு எஞ்சின் இருமியது. நாலாவதற்கு வெடித்தது. தெருக்கோடியில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாமனாரின் வேட்டியில் கரி. அவர் அசையவில்லை. நல்ல நேரத்தில் ஏறியாகிவிட்டது, இறங்கினால் பயணம் கெட்டுவிடும் என்று குடைக்குக் கீழே அப்படியே இருந்தார்.

பத்து மணி. பதினொன்று. எத்தனை விதம் ஆயிற்று என்று பொன்னுத்தாயி விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாலு என்றாள். மாமனார் ஒரு முறை இடுப்புக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. ராகுகாலத்துக்கு இன்னும் அரை மணி, அப்புறம் பஸ், அப்புறம் இந்த வீட்டில் நான் மட்டும்.

பத்தொன்பதாவது முறை. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மடக்கிச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, பொறி விழுவதைத் தாமதப்படுத்தும் நெம்புகோலை முதலில் இறக்க வேண்டும் என்று பெரியப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவசரத்தில் இரண்டையும் மறந்தேன். எஞ்சின் ஒரு உதை உதைத்தது. ஹேண்டில் எதிர்ப்பக்கமாகச் சுழன்று மணிக்கட்டில் இறங்கியது. சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது.

அப்போதுதான் மாமனார் டிக்கியிலிருந்து குதித்தார். அன்றைய கார்ப் பயணம் அதோடு சரி. என் கையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, “எந்தப் பக்கம் சுத்தணும், மாப்ள?” என்றார். நான் இடக்கையால் நெம்புகோலை இறக்கிவிட்டுச் சொன்னேன். அத்தனை நேரக் கோபத்தையும் சேர்த்து ஒரே ஒரு சுற்று சுற்றினார்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. பத்தொன்பதாவதுதான் சரியான விதம். தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது. நான் அழுதேன். கை வலி என்று சொல்லிக்கொண்டேன்.

ஓட்டத் தெரிந்த ஒரே ஆளுக்குக் கை இல்லை. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஒரு மண்டலத்துக்கு அசைக்கக் கூடாது என்றார். மாமனார் சாப்பிடவும் மனமில்லாமல், சாயங்கால பஸ்ஸில் போவோம் என்று மகளிடம் சொன்னார். துணைக்குத் திருவாதவூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவை வரச்சொல்லலாம் என்றார்.

பொன்னுத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். “அத்தைக்கு அங்க விதைப்பு நேரம்யா. கை ஒடிஞ்ச மனுசருக்கு யாரு சோறு ஊட்டுறது? நான் இங்கயே இருக்கேன்.”

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

ஆவணியில் கட்டுப் பிரித்தார்கள். பந்தயக் கார் எஞ்சினைப் பூட்டியவன் என்ற பேச்சு பரவி, ஒரு பஸ் முதலாளி தம் ஷெட்டில் எனக்கு வேலை கொடுத்தார். தலைப்பிரசவத்துக்குப் பொன்னுத்தாயி பேரையூர் போனாள். அக்கினி நட்சத்திரத்துக்கு நாலு நாள் முன்னால், கொளுத்துகிற சித்திரையில், பையன் பிறந்தான்.

சேதி வந்ததும் காரை எடுத்தேன். வழியில் ஒரு இடத்திலும் நிற்காமல் போய் மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஊரே காரைச் சுற்றிக்கொண்டது. மாமனார் காரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வந்து என் வலது கையைப் பிடித்து, புரட்டிப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். சுற்றிலும் பெண்கள் நின்றிருந்தார்கள்.

“ஒடிஞ்சது கை மட்டுந்தேன்னு அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும், மாப்ள,” என்றார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஆடி பிறக்கும்போது எந்தப் புதுமாப்பிள்ளை பெண்டாட்டியை அனுப்ப முகம் கோணினாலும், “என்ன, கை ஒடிஞ்சிருச்சா?” என்றுதான் கேட்பார்கள். சித்திரையில் பிறந்த அந்தப் பையனுக்கே போன வருஷம் கல்யாணமாகி முதல் ஆடி வந்தது. அவனுடைய மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டது பொன்னுத்தாயிதான்.