தங்கள் காரின் கூரையில் உள்ள துளை குறித்து

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை சல்மான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் மாமியார் ஜாஹிராவும் உங்கள் மனைவி நூரைனும் இறைவன் அருளால் நலம். மஸ்கட்டில் தங்கள் நலம் அறிய ஆவல். வண்டி நலமா என்று மட்டும் கேட்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் கலெக்டர் ஆபீசில் கோப்பு எழுதிய கை, எழுதினால்தான் உண்மை வரும்.

புது வண்டியைப் பதினோரு நாள்தான் ஓட்டினீர்கள். சாவியை என் கையில் வைத்து, "வண்டி உங்ககிட்ட இருந்தா எனக்குக் கவலையே இல்ல மாமா"னு சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். அங்கிருந்து எப்போது பேசினாலும் முதலில் வண்டியைத்தான் விசாரிக்கிறீர்கள், நூரைனை அப்புறம். சரி, வண்டி எங்கே நிற்கிறது என்று மாப்பிள்ளை அங்கிருந்தபடியே போனில் பார்க்கட்டுமே என்று எனக்கு ஓர் ஆசை. ஓய்வு பெற்றவன் ஆசை என்றால் உஷாராக இருந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்து இடத்தைச் சொல்லும் சின்ன போர்டு ஒன்றை வாங்கி, ஜாஹிராவின் எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் பொருத்தி, சீட்டுக்கு அடியில் வைத்தேன். போனில் "தேடுகிறது" என்று வந்தது. இரண்டு நாள் தேடியது. எதிரே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சரவணகுமார் பார்த்துவிட்டு, "எவர்சில்வர் டப்பாக்குள்ள எப்படி சார் சிக்னல் வரும்? வெளிய ஆன்டெனா வைங்க"ன்னான்.

ஆன்டெனாவை நான் சும்மா தேர்வு செய்யவில்லை, மாப்பிள்ளை. பதினான்கு வகைகளை அட்டவணை போட்டு, மூன்று வாரம் பரிசீலித்தேன். சிலவற்றில் திருகும் இடத்துக்கு நடுவே ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வளைந்தால் தொல்லை என்று ஊசி வைத்த அத்தனையையும் முதல் நாளே நிராகரித்தேன். ஊசி இல்லாமல் பாந்தமாக இருந்தவற்றில் விரல் நீளத்தில் ஒன்று வாங்கினேன். போர்டில் திருகினால் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனாலும் "தேடுகிறது". நம் வீடு மலையை ஒட்டி இருப்பதால் மலை மறைக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. மலையை இடமாற்றம் செய்ய நமக்கு அதிகாரம் இல்லை, ஆகவே வண்டியை மலையை விட்டுத் தள்ளி வேங்கிக்கால் பக்கம் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன். அதே கதை. அடுத்து, கூரையில் ஒட்டிக்கொள்ளும் காந்த ஆன்டெனா. அதுவும் ஊசி இல்லாததுதான். அதோடு ஒரு வாரம் தினமும் மலையைச் சுற்றினேன். கோயில் குருக்கள் சோமநாதன் என் பழைய சிநேகிதர், வழியில் பார்த்துவிட்டு, "என்ன பாய், எங்களைவிட நீங்க ஜாஸ்தி கிரிவலம் வர்றீங்க"ன்னு சிரித்தார். அன்றைக்கே அடி அண்ணாமலையில் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் ஒரு குரங்கு வந்து ஆன்டெனாவை வயரோடு பிடுங்கிக்கொண்டு டீக்கடைக் கூரைமேல் ஏறிவிட்டது. வாழைப்பழம் காட்டினேன். பழத்தையும் வாங்கிக்கொண்டது.

இனி குரங்கு பிடுங்க முடியாத ஆன்டெனாதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். கூரையில் துளை போட்டு, உள்ளே நட்டு வைத்து முடுக்குகிற வகை. இங்கேதான் என் புத்தி கெட்டது. சுவரில் ஆணி அடிக்க வைத்திருக்கும் டிரில் மிஷினை எடுத்தேன். ஜாஹிரா ஓடி வந்து, "மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்க"ன்னு கத்தினாள். மிஷின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். தகரம் கிழிந்த சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. ஆன்டெனாவை மாட்டி முடுக்கினேன். அதற்கும் "தேடுகிறது"தான். மறுநாள் அடித்த மழையில் முன் சீட்டெல்லாம் தண்ணீர். அந்த ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ஊறுகாய் பாட்டில் மூடியைக் கவிழ்த்து எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறேன். மூடி சிவப்பு, வண்டி வெள்ளை. மாடியிலிருந்து பார்த்தால்கூடத் தெரிகிறது.

உங்கள் தங்கை பிர்தௌஸின் நிக்காஹ்வுக்கு இந்த வண்டியில்தான் மணப்பெண் வர வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். அந்தப் பெண்ணை ஊறுகாய் மூடிக்குக் கீழே உட்கார வைக்கும்படி செய்துவிட்டேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நீங்கள் நம்பி விட்டுப் போன பொருளை என் பொருள் என்று நினைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். நூரைனைத் தூது அனுப்பிப் பார்த்தேன். "ஓட்டை போட்டது நீங்க, நீங்களே சொல்லுங்க அத்தா"ன்னுட்டாள். நீங்கள் வருவது இருபத்தெட்டாம் தேதி என்றாள். அதற்குள் இது கையில் கிடைத்து, கோபம் கொஞ்சம் கம்மி ஆகியிருக்கும் என்று நம்புகிறேன்.

அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், மாமனாரைப் பொறுத்துக்கொள்ளும் சக்தியையும் தரட்டும். ஜாஹிரா சலாம் சொல்லச் சொன்னாள். இனி தங்கள் வண்டியில் சாவியைத் தவிர எதையும் நுழைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமா
ஜானி பாஷா

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை சரவணகுமார் வந்து போர்டையும், நான் கழற்றி வைத்த ஆன்டெனாவையும் பார்த்துவிட்டு, "சார், போர்டுலயும் ஓட்டை, ஆன்டெனாலயும் ஓட்டை. ஊசி இல்லாம எது சார் எதைத் தொடும்?"னு கேட்டான். இத்தனை நாளும் திருகு மட்டும் சேர்ந்திருக்கிறது, உள்ளே ஒன்றோடொன்று தொடவே இல்லை. ஊசி வைத்த ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி, முன் கண்ணாடிக்கு உள்ளேயே வைத்தான். ஒரே நிமிடத்தில் போனில் நம் தெரு வந்துவிட்டது. கூரையில் துளையே தேவைப்பட்டிருக்கவில்லை, மாப்பிள்ளை.

வேலூருக்குப் புடவை எடுக்கப் போகிறேன் என்று நூரைன் அந்த வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். ஆசையாகப் போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி வேலூர் பக்கமே போகவில்லை. செஞ்சி, திண்டிவனம் என்று போய், சென்னை விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தெரியாமல் முன்னாடியே வந்து ஆச்சரியப்படுத்தலாம் என்று இருவரும் திட்டம் போட்டிருக்கிறீர்கள், புரிகிறது. பெட்டியை ஏற்றும்போதே மூடியைப் பார்த்திருப்பீர்கள்.

தபால் தலை ஒட்டவில்லை. வாசலில் நின்று கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கருவி மிகத் துல்லியமாக வேலை செய்கிறது. செஞ்சி தாண்டிவிட்டீர்கள்.