செருப்பைக் கழட்டினனான்தான், அதுக்கென்ன?

எங்கள் குடும்பத்தில் கலியாணமோ வீடு குடிபூரலோ எது நடந்தாலும், பந்தி முடிந்து ஆட்கள் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போடும் நேரத்துக்கு என் செருப்புக் கதை வந்துவிடும். சொல்கிறவர்கள் எல்லாரும் நான் வெட்கப்படுவேன் என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். பத்து வருஷமாகப் பார்க்கிறார்கள். நான் வெட்கப்பட்டபாடில்லை, இனிமேல் படுவதாகவும் இல்லை. ஓம், கிளிநொச்சியில் இருக்கிற மூன்று மாடிக் கடைக்குள் ஊரே செருப்பும் சப்பாத்துமாக ஏறிப் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போனேன். நல்ல காரியம் என்று வலது காலை வேறு முதலில் எடுத்து வைத்தேன். என் பக்க நியாயத்தை இதுவரை ஒருதரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

அந்தக் கடை திறந்து அப்போது மூன்று மாதம் இருக்கும். கீழே செருப்பும் சட்டி பானையும், நடுவில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடுப்பு, உச்சியில் சேலை. ஏறி இறங்க லிப்ட். எங்கள் பக்கத்தில் ஒரு கட்டடம் மூன்று மாடிக்கு நிமிர்ந்து நிற்பதே பெரிய செய்தி. எங்கள் அக்கராயனிலிருந்து சனம் நெல் வெட்டு முடிந்த கையோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. (சாமான் வாங்க இல்லை, லிப்டில் ஏற.)

நான் போனது லிப்டுக்கும் இல்லை, சேலைக்கும் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் அயல் முழுக்கக் கதை. கோயிலில் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் கடவுளுக்கும் தெரிந்துவிடும். கடையென்றால் யாரும் யாரையும் தற்செயலாகக் காணலாம், சரிவராவிட்டால் ஆளுக்கு ஆள் தெரியாத மாதிரிப் போய்விடலாம். ஆகவே புரோக்கர் நாள் குறித்தார். பத்தரை மணிக்கு நானும் அம்மாவும் மேல்மாடியில் சேலை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பெடியனும் அவருடைய தாயும் தற்செயலாக வருவார்கள்.

பெடியனுக்குக் கொழும்பில் வேலை, சொந்த இடம் புதுக்குடியிருப்பு. எனக்கு வயது இருபத்தெட்டு. (அம்மா வெளியில் சொல்வது இருபத்தைந்து.) பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் சாதகக் குறிப்புப் பொருந்தாமல் போயிருந்தது. இதுவும் தட்டிப்போனால் இனித் தன்னால் ஏலாது என்று அம்மா கையை விரித்துவிட்டார். படத்தில் ஆளை எனக்கும் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் நன்றாகவே பிடித்திருந்தது. கிடைத்த நாளிலிருந்து அந்தப் படத்தை என் பாடக் கொப்பிக்குள் வைத்திருந்தேன்.

இனி வாசலுக்கு வருவோம். முகம் தெரிகிற மாதிரி மினுங்குகிற வெள்ளை மாபிள். கதவுக்கு மேலே பிள்ளையார் படம், அதற்கொரு சின்ன விளக்கு, ஊதுபத்தி வாசம். நீங்களே சொல்லுங்கள், கால் தானாகச் செருப்பை விடாதா? எங்கள் ஊரில் ரியூசனுக்குப் போனால் செருப்பு வெளியே. டிஸ்பென்சரிக்குப் போனால் வெளியே. பழைய புடவைக் கடைகளில் முதலாளி பாய் விரித்துத்தான் சேலையை உதறிப் போடுவார், அங்கே செருப்புக் காலோடு ஏறுகிறவரை நாங்கள் மனிதராகவே மதிப்பதில்லை. அப்படி வளர்ந்த கால் இது. அன்றைக்கென்று வாங்கிய புதுச் செருப்பை, கறுப்பு வாரும் பொன்னிறக் கொளுக்கியுமாக, சோடி சேர்த்து ஓரமாக வைத்தேன்.

அம்மா என்னைவிட விவரமான ஆள். ஒருமுறை கோயிலில் செருப்பைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவர் எங்கே போனாலும் கழற்றிப் பைக்குள் போட்டுக் கையோடு கொண்டுபோவார். உள்ளே பை கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் நின்ற பிள்ளை அதை வாங்கி வைத்துவிட்டு, இலக்கம் போட்ட துண்டு ஒன்றைக் கொடுத்தாள். அம்மாவின் செருப்புக்கு இலக்கம் கிடைத்தது, என்னுடையதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. செக்குரிட்டி எங்கள் கால்களைப் பார்த்தார், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார், உள்ளே விட்டுவிட்டார்.

லிப்டுக்குள்தான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்களோடு நின்ற மூன்று பேரின் காலிலும் செருப்பு. அம்மாவின் காதுக்குள் சொன்னேன். கீழே பார்க்காமல் நிமிர்ந்து நில் என்றார். திரும்பிப் போக நேரமும் இல்லை, லிப்டை எப்படித் திருப்புவதென்று இரண்டு பேருக்கும் தெரியவும் இல்லை.

மேலே அவர்கள் எங்களுக்கு முதலே வந்துவிட்டார்கள். பெடியன் தேய்த்த சேட்டும் மினுக்கிய சப்பாத்துமாக நின்றார். தாய்க்காரி தூணோரமாக ஒரு கதிரையில் இருந்தார். நான் சேலைக் கரையால் கால்விரல்களை மறைக்க வேண்டி முழங்காலைக் கொஞ்சம் மடித்துக்கொண்டு நின்றேன். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்குக் கண்டது இரண்டு அங்குலம் கட்டையான ஒரு பெண்ணை. நடக்கவும் முடியாது. விற்கிற பிள்ளை வேறு நிறம் பார்க்க அங்காலே வரச் சொன்னபோது, இந்த நிறமே நல்லாயிருக்கு என்று பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் வேர் விட்டு நின்றேன்.

பெடியன் நல்ல மாதிரித்தான் கதைத்தார். எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், பஸ் வசதி எப்படி என்றெல்லாம் கேட்டார். குரல் படத்தைவிட நன்றாக இருந்தது. ஆனால் தாய்க்காரி கதிரையை விட்டு அசையவே இல்லை. எங்களைக் கண்டு மரியாதைக்கு ஒரு பாதி எழும்பல்கூட இல்லை. (சரியான தலைக்கனம் பிடிச்ச மனிசி என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டேன்.)

இந்த மாதிரிக் கடைகள் எப்படி வந்தன என்று பிறகொரு நாள் தேடி வாசித்தேன். கோபம் வந்தால் நான் ஆராய்ச்சி செய்கிற சாதி. பாரிஸ், லண்டன் போன்ற நகரங்களிலும் முந்தி ஒரு கடைக்குள் காலை வைத்தால் ஏதாவது வாங்காமல் வெளியே வருவது மரியாதை இல்லையாம். விலையும் ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்களாம். பெரிய கடைகள் வந்துதான் விலையை எழுதி ஒட்டினார்கள். பெண்கள் தனியே வரலாம், தொட்டுப் பார்க்கலாம், ஒன்றும் வாங்காமலே போகலாம் என்று ஆக்கினார்கள். லிப்டுக்கும் கண்ணாடிக்கும்தான் சனம் மயங்குகிறது என்கிறார்கள். நான் நம்பமாட்டேன். போன் வழியாகவே எல்லாம் வீட்டுக்கு வருகிற இந்தக் காலத்திலும் அங்கே கூட்டம் குறையாமல் இருப்பது, பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல விடுகிறார்கள் என்பதால்தான். எங்கள் வீடுகளில் பெண்களுக்கு அந்த வசதி அவ்வளவாக இல்லை.

முக்கால் மணித்தியாலத்தில் பெடியன் தாயைப் பார்த்துத் தலையாட்டினார். அம்மாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. இறங்கி வந்து கதவைத் தள்ளிப் பார்த்தால் என் செருப்பைக் காணவில்லை. வெளியே கொளுத்துகிற வெயில், தார் றோட்டு கொதிக்கிறது. தேடினேன். கதவுக்கு உட்பக்கம் மலிவு விற்பனை என்று எழுதி ஒரு பெரிய கூடை. அதற்குள் என் செருப்பு, நெற்றியில் சிவப்பாக விலை ஒட்டி. கூட்டித் துடைக்கிற பிள்ளை, கூடையிலிருந்து விழுந்ததாக்கும் என்று எடுத்துப் போட, யாரோ விலையும் ஒட்டியிருக்கிறார்கள்.

எடுத்துக் கொளுவிக்கொண்டு நடந்தேன். செக்குரிட்டி மறித்து பில்லைக் கேட்டார். என்னுடையது என்றேன். கழுத்தில் ரை கட்டிய மனேச்சர் வந்தார். ஒரு நாளைக்கு எத்தனை சனம் வந்துபோகிறது, ஒருத்தரும் வாசலில் செருப்பைக் கழற்றுவதில்லை, நீங்கள் மட்டும் ஏன் கழற்றுவீர்கள் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். லிப்ட் கதவு திறந்து பெடியனும் தாயும் வெளியே வந்தார்கள். அம்மா என் கையைக் கிள்ளினார். "சனியன், விட்டிட்டு வா பிள்ளை. கலியாணம் குழம்பப்போகுது."

முக்கால் மணித்தியாலமாக முழங்கால் மடித்து ஒளித்ததை இப்போது எல்லார் முன்னாலும் சொன்னால்தான் செருப்பு கிடைக்கும். சொல்லாவிட்டால் நான் கள்ளி. எனக்கு எங்கிருந்தோ பத்திக்கொண்டு வந்தது.

"ஓம், நான்தான் கழட்டினனான். உள்ளை துப்பரவா இருந்தது, பிள்ளையார் இருந்தார், கழட்டினனான். அது களவோ?"

பெடியன் கிட்ட வந்தார். மெதுவாகத்தான் சொன்னார். "ஆக்கள் பாக்கினம். நான் காசைக் கட்டுறன், விடுங்கோ."

"என்ரை செருப்பை எனக்கு ஏன் நீங்கள் வாங்கித் தரோணும்?"

அவர் முகம் சிவந்து போனது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் அந்தத் தாய்க்காரி எங்களைக் கடந்து கூடையடிக்குப் போனார். வெறுங்கால், வெடித்த குதிக்கால். முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கிண்டி ஒரு மண்ணிறச் சோடியை இழுத்தெடுத்தார். வார் அறுந்து, நெல்லுச் சாக்குத் தைக்கிற நூலால் தைத்திருந்தது. அதிலும் சிவப்பாக விலை ஒட்டியிருந்தது.

"மனேச்சர் தம்பி, நானும் வாசலிலைதான் கழட்டினனான். இதைப் போன மாசம் நான்தான் தைச்சனான். என்ன விலை போட்டிருக்கிறியள் எண்டு ஒருக்கா வாசியுங்கோ."

சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெடியன் தாயின் கையைப் பிடித்தார். "அம்மா, உந்தச் செருப்பை விட்டிட்டு வாங்கோ, புதுசு வாங்கித் தாறன்."

"நீ சொன்னாய் எண்டுதானே காலைக் கதிரைக்குக் கீழை மடக்கி வைச்சுக்கொண்டு இருந்தனான். இந்தப் பிள்ளை வந்ததுக்கு எழும்பி ஒரு வார்த்தை கதைக்கேல்லை. இனி ஏலாது தம்பி."

மனேச்சர் மன்னிப்புக் கேட்டுத் தன் கையாலேயே விலைச் சீட்டுகளை உரித்தார். நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக் கொளுவிக்கொண்டு நிமிர்ந்து வெளியே போனோம். அம்மா பின்னால் இலக்கத் துண்டைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு, ஒருதரையும் தெரியாத மாதிரி வந்தார்.

அன்று பின்னேரம் புரோக்கர் போன் எடுத்தார். பெடியனுக்குச் சம்மதமாம். சண்டை பிடித்தாலும் நேர்மையான பிள்ளை என்றாராம். அம்மா சாமியறைக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தார். நான் வேண்டாம் என்றேன். வீட்டில் அடுத்த ஒரு கிழமை நடந்ததை எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. ஒரு செருப்புக்காக இப்படிப்பட்ட மாப்பிள்ளையை விடுகிறாளே, இவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பெரியப்பா மந்திரித்து நூல் கட்டக்கூடக் கேட்டார். நானும் அன்றைக்குக் கால்விரலை ஒளித்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் ஒளித்தது என் காலை. அவர் ஒளிக்க வைத்தது தன்னைப் பெற்றவளின் காலை. இன்றைக்குத் தாய்க்கு, நாளைக்கு எனக்கும் ஒரு கதிரை கிடைக்கும். அதில் இருக்க எனக்கு ஏலாது. படத்தைக் கொப்பிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கும்போது அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வேண்டாமென்ற செய்தி போன மறுநாள் காலை புது இலக்கத்திலிருந்து அழைப்பு. அந்தத் தாய்க்காரி. நல்ல ஏச்சு விழப்போகிறது என்று ஆயத்தமாக நின்றேன். அவர் கேட்டார்:

"அவனை வேண்டாமெண்டது உன்ரை விருப்பம் பிள்ளை. என்னையும் சேர்த்தோ வேண்டாமெண்டனீ?"

இரண்டு வருஷம் கழித்து எனக்கு வேறு இடத்தில் கலியாணம் நடந்தபோது என் கூறைச் சேலைக்கு மடிப்பு எடுத்துவிட்டது அவர்தான். மகள் பிறந்தபோது பத்தியச் சரக்கு அரைத்துக்கொண்டு வந்து என் குசினி அடுப்பைப் பதினைந்து நாள் ஆண்டதும் அவர்தான். நான் மாமி என்றுதான் கூப்பிடுகிறேன். என் சொந்த மாமியாரும் அவரும் கதைக்கத் தொடங்கினால் வீட்டில் வேறு ஒருதருக்கும் வாய் திறக்க இடமில்லை. யாராவது புதுசாக வந்து இவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டால் போதும், என் கணவர் முந்திக்கொள்வார். "மாப்பிள்ளை பாக்கப் போய் மாப்பிள்ளையைக் கடையிலை வைச்சிட்டு, மாமியாரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவ இவ." எல்லாரும் சிரிப்பார்கள். மாமி எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பார். சிரிப்பு அடங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான் சொல்வேன், "ஓம், எடுத்துக்கொண்டுதான் வந்தனான். திருப்பிக் குடுக்கவும் மாட்டன்."