ஆளில்லாமல் ஆடும் தொட்டி

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா தமேஷ் அவர்களுக்கு, கரகந்தாவில் நம் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஸவ்லேயின் தாய் கனிஷா சலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் சம்பந்தியும் சுகமா? குதிரைகள் பனியைக் கிளறி மேய்கின்றனவா? ஆடுகள் குட்டி போடும் வரை வைக்கோல் தாங்குமா? உங்கள் மூட்டுவலி எனக்கும் வந்துவிட்டதால் அதை விசாரிக்கவில்லை. இங்கே யாவரும் நலம். யாவரும் என்றால் மனிதர்கள்.

கல்யாண விருந்தில் என் தட்டில் சம்பந்திக்குரிய மரியாதையாக இடுப்பெலும்பு வைக்க வேண்டிய இடத்தில் முன்னங்கால் எலும்பை வைத்ததை நான் மறந்துவிட்டேன். வைத்தது உங்கள் நாத்தனார், கட்டியிருந்தது நீலத் தலைக்குட்டை, தட்டின் விளிம்பில் ஒரு கீறல்கூட இருந்தது, ஆனாலும் மறந்துவிட்டேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. உங்கள் மகனைப் பற்றியது.

ஸவ்லேக்கு மாதம் நெருங்குகிறதே என்று நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை மெதெத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அத்தை, எல்லாத்துக்கும் ரவை வந்துருச்சு, நான் செத்தேன்" என்றார். ரவையில் புழு விழுந்துவிட்டதாக்கும் என்று, "சலிச்சு, வறுத்து வைங்க மாப்பிள்ளை, இதுக்குப் போயா சாவாங்க?" என்றேன். வந்து பார்த்தால், மீன் வளர்ப்பவர்கள் பேச்சில் ரவை என்றால் நோயாம். கூடத்தில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, மூட்டை உப்பைக் கரைத்துக் கடல் செய்து வைத்திருக்கிறாரே, அதிலிருந்த மீன்களின் மேலெல்லாம் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. கல்லில் போய் உடம்பை உரசிக்கொள்கின்றன, வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு பூச்சி உட்கார்ந்து தின்கிறதாம். வயிறு நிறைந்ததும் உதிர்ந்து, மணலில் கூடு கட்டி, ஒன்று நூறாகப் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்துமாம். சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்.

இதற்குச் செம்பு மருந்துதான் வைத்தியம். அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் பவளமும் செத்துப்போகும் என்பதால், மீன்களை மட்டும் பிடித்துக் குளியலறையில் தனித் தொட்டியில் விட்டு மருந்து கொடுக்கிறார். நான் சமையலறையில் கெட்டில் தண்ணீரில் கைகால் கழுவிக்கொள்கிறேன். அங்கே தொட்ட கையால் இங்கே தொடக்கூடாது, ஒரு சொட்டு தெறித்தாலும் போச்சு என்று என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது கூடத்தில் இருப்பது.

பெரிய தொட்டியில் இப்போது ஒரு மீன்கூட இல்லை. "மீனே இல்லாம கெடந்தாத்தான் பூச்சி பட்டினியில சாகும் அத்தை" என்கிறார்.

"செத்துருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கண்ணுக்குத் தெரியாதே. மீனைத் திருப்பி விட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒன்று பசியோடு எதையோ தேடி அலையும் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் என் படுக்கை. விளக்கு எரிகிறது, தண்ணீர் சூடாகிறது, பம்பு அலையடிக்கிறது. தண்ணீர் இப்படிப் போகிறது, அப்படி வருகிறது, உள்ளே யாரும் இல்லை. சம்பந்தியம்மா, உங்களுக்குத் தெரியாததா? வெறும் தொட்டிலை ஆட்டினால் யாராவது வந்து படுத்துக்கொள்வார்கள். பிள்ளை பிறக்கும் முன் தாய்வீட்டுத் தொட்டில் வாசல் தாண்டக்கூடாது என்று நான் இன்னும் அதை வாங்கக்கூட இல்லை. உங்கள் மகன் கரண்டு வைத்து ஆட்டுகிறார்.

"இது தொட்டில் இல்ல அத்தை, தொட்டி."

"ஒரு எழுத்துல தப்பிச்சுரலாம்னு பாக்கறீங்களா?"

"அலை நின்னா இறாலுக்கு மூச்சு முட்டும்."

"பேரப்பிள்ளையைவிட இறால் பெருசாப் போச்சா?"

இதற்குச் சிரிக்கிறார். பொழுது சாயும் நேரத்தில் தொட்டி விளக்கு தானாகவே நீலமாகும். அப்போது பாருங்கள், மணலில் விரலால் கோடு இழுத்ததுபோல் ஒரு தடம் விழுகிறது. நத்தை மறுமூலையில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்பொந்தை விட்டு வராத இறால்கள் வரிசையாக வந்து, ஸவ்லே எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாளோ அந்தப் பக்கக் கண்ணாடியில் நிற்கின்றன. அவள் இடம் மாறினால் அவையும் மாறுகின்றன. தீனி போடுகிறவள் என்று நினைக்கின்றனவாம். நாள் முழுக்கத் தின்றுகொண்டிருப்பவள் நான், என் பக்கம் ஒன்றும் வரவில்லை.

முந்தாநாள் ஸவ்லே உட்கார்ந்தபடியே மெல்ல ஆடினாள். "ஏண்டி ஆடுற?" என்றேன்.

"நான் எங்கம்மா ஆடுறேன்? உள்ள இருக்கறதுதான் ஆட்டுது. அலை இந்தப் பக்கம் வந்தா அதுவும் இந்தப் பக்கம் வருது."

அவள் சிரித்தாள்.

சும்மா இருப்பேனா? கெட்டதை விரட்டும் அத்ராஸ்பான் மூலிகையைக் கொளுத்தித் தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றினேன். தண்ணீரின் அழுக்கை நுரையாக எடுக்கும் இயந்திரம் புகையை உறிஞ்சிவிட்டு, பால் பொங்குவதுபோல் பொங்கித் தரையெல்லாம் ஓடி, கீழ்வீட்டுக்காரர்களின் கூரையில் மஞ்சளாக இறங்கிவிட்டது. மாப்பிள்ளை ஒரு வார்த்தை திட்டவில்லை, மண்டி போட்டுத் துடைத்தார். இவ்வளவு நல்ல பிள்ளையை நீங்கள் எப்படிப் பெற்றீர்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. பிறகு கம்பளியால் தொட்டியை மூடிவைத்தேன். விடிந்து பார்த்தால் பாதிக் கம்பளி தண்ணீருக்குள். குளிருக்குப் போர்த்துக்கொள்ள யாரோ இழுத்ததுபோல். "பம்பு இழுத்திருக்கும் அத்தை." எதைக் கேட்டாலும் பம்பு.

உங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார். வேண்டுமானால் நேரில் வாருங்கள், என் படுக்கையை உங்களுக்குத் தருகிறேன். பிள்ளை நல்லபடியாக வந்து சேரும் வரை அந்த ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இறால் செத்த பாவம் என் தலையோடு போகட்டும். நிறுத்தாவிட்டால் ஸவ்லேயை வண்டியில் ஏற்றி என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

உங்கள் அடுப்பில் நெருப்பும், மந்தையில் பாலும், வாசலில் நல்ல காலடியும் குறையாதிருக்கட்டும். சம்பந்திக்குச் சலாம். நாத்தனாருக்கும் சலாம், கொஞ்சமாக.

இப்படிக்கு,
கனிஷா

பி.கு.: உறையை ஒட்டும் முன்பே ஸவ்லேக்கு வலி கண்டு, இருவரும் பிரசவ மனைக்கு ஓடினார்கள். இப்போதுதான் மாப்பிள்ளை கூப்பிட்டார்: பெண் பிள்ளை, தாயும் சேயும் சுகம், குரல் கீழ்வீடு வரை கேட்குமாம். அல்லாவுக்கு நன்றி. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடுங்கள். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். அவர்கள் படி இறங்கியதுமே பம்பின் கம்பியை நானே பிடுங்கிவிட்டேன். சத்தம் உடனே நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. அடங்கிவிடும் என்று ஒரு கோப்பைத் தேநீரை மெதுவாகக் குடித்துப் பார்த்தேன். இப்படிப் போயிற்று, அப்படி வந்தது. முன்னைவிட நிதானமாக, பிள்ளை கண் அசந்துவிட்டது என்று தெரிந்தவள் ஆட்டுவதுபோல. எழுந்துபோய்க் கம்பியைத் திரும்பச் செருகிவிட்டேன். ஆட்டுவது பம்புதான் என்று ஒரு பேச்சுக்காவது இருக்கட்டும்.