கொள்ளைக்கு நேரில் அழைக்கப்படாதவர்

மனித குலத்தில் 'முறை தெரிந்தவர்' என்றொரு இனம் உண்டு. கலியாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் யாரும் கேட்காமலே குத்துவிளக்கை அரைச்சாண் நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்கிறாரே, அவர்தான். மணவறையில் யார் எந்தப் பக்கம் நிற்பது, மாலையை யார் எடுத்துக் கொடுப்பது, செத்த வீட்டில் யாருக்குப் பிறகு யார் அழுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஐயரே மந்திரத்தை ஒருகணம் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்துத்தான் தொடருவார். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: தம்மை யாரும் கேட்கவில்லை என்பது.

கடல் கடந்தால் இந்த இனம் குளிர் தாங்காமல் அழிந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? பாரிஸில் தமிழர் கடைகள் நெருங்கிய லா ஷப்பலுக்கு வாருங்கள்.

வரதராசா அண்ணை பாரிஸ் புறநகரான திரான்சியில் இருக்கிறார். ஞாயிறுதோறும் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, ரூ காய் என்னும் தெருவில் முருங்கைக்காய் வாங்குவார். அப்படி வந்த ஒரு ஞாயிறு, தேநீர் குடிக்க நுழைந்த சாப்பாட்டுக் கடையின் பின்மேசையில் மூன்று பேர் பகடை உருட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்த நாட்களில் பாரிஸ் இளசுகளைப் பிடித்து ஆட்டிய விளையாட்டு அது. ஆளுக்கொரு வேடம், கதையை நடத்த ஒருவர், வெட்டினாயா வெட்டுப்பட்டாயா என்பதைப் பகடை சொல்லும்.

கதையை நடத்தியவள் ஜிஸ்லேன், புதுச்சேரிப் பெண். தான் வேலை பார்க்கும் நகரசபை அலுவலகத்தில் சலிப்பான பொழுதுகளில் ஸ்கால்வர் என்றொரு கூட்டத்தையே உண்டாக்கியிருந்தாள். பனிக்கடலில் நீண்ட படகுகளை ஓட்டி, கரையோர ஊர்களைக் கொள்ளையடித்து, மாட்டுக்கொம்பில் மது குடித்து, சபையில் கேடயத்தைத் தட்டி வாக்களிக்கும் முரட்டு வீரர்கள். அவர்களின் தலைவன் ஹார்வெக்காக ஆடியவர் அவள் அண்ணன் பிலிப். மற்ற நாட்களில் தபால்காரர். தலைவனுக்குச் சுக்கான் பிடிக்கும் சிக்னாவாக ஆடியவள் யாழ்ப்பாணத்துப் பூரணி. அதே தெருவில் புடவைக் கடையில் வேலை. வாரம் முழுக்கச் சேலைகளை விரித்துக் காட்டி, மறுபடி மடித்து, 'வேற நிறம் இல்லையோ' என்பதைக் கேட்டே காலம் கழிப்பவளுக்கு, படகு நிறைய வீரர்களைப் பார்த்து 'பாயை விரியுங்கள்' என்று கட்டளையிடும் நாள் ஒன்று வரவேண்டும் என்ற ஆசை இருக்காதா? இரண்டு குளிர்காலமாய் அந்தத் தலைமை ஆசனத்துக்காகவே சுக்கான் பிடித்தாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்ட அண்ணைக்கு உல்பார் என்ற கிழட்டு வீரனின் வேடம் கிடைத்தது. முதல் ஞாயிறு வாய் திறக்கவில்லை. மறு ஞாயிறு ஸ்கால்வருக்கே தெரியாத ஸ்கால்வர் முறையெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கொள்ளைக்குப் புறப்படக் கொம்பு ஊதியாயிற்று, எல்லோரும் படகில், உல்பாரை மட்டும் காணோம்.

"என்னண்ணே, கெளம்பலையா?" என்றார் பிலிப்.

"கொம்பு ஊதினாப்போல போதுமோ? ஆர் நேரில வந்து சொன்னது?"

வேறு வழியின்றி மாவீரன் ஹார்வெக் பனியில் முழங்கால் புதைய நடந்துபோய், உல்பாரின் வாசலில் நின்று, "அவசியம் வந்துடுங்க, குடும்பத்தோட வரணும்" என்று கொள்ளைக்கு அழைக்க நேர்ந்தது. அதற்குள் கொள்ளையடிக்கப்பட வேண்டிய ஊரார் ஆடுமாடுகளோடு மலையேறிவிட்டார்கள்.

இன்னொரு நாள், சண்டை நடுவில் மதுக்கொம்பை இடக்கையால் வாங்கிய சிக்னாவைத் தடுத்தார்.

"வலக்கையில கோடாலி இருக்குதெல்லே அண்ணை?" என்றாள் பூரணி.

"கோடாலியைக் கீழ வையும்."

வைத்தாள். வெட்டுப்பட்டாள். முறை பிழைத்தது.

பிறகு ஒரு ஞாயிறு, பகடை பிலிப்பைக் கைவிட்டது. ஹார்வெக்கைக் கடற்பாம்பு விழுங்கிற்று. புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சபை கூடட்டும் என்று ஜிஸ்லேன் அறிவித்தாள்.

"பூரணிதான். இதுல என்ன பேச்சு?" கேடயத்துக்குப் பதிலாகப் பற்றிஸ் பலகாரத் தட்டைத் தட்டி வாக்களித்தார் காலஞ்சென்ற தலைவர். பூரணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பொறுங்கோ," என்றார் வரதராசா அண்ணை.

பொறுத்தார்கள். அந்தக் குரலுக்குப் பொறுக்காத தமிழர் யார்?

"இந்தச் சிக்னா ஹார்வெக்குக்கு என்ன சொந்தம்?"

"சொந்தம் ஒண்டுமில்லை அண்ணை. சுக்கான் பிடிக்கிறவள்."

"அதுதானே! நான் அவன்ர பெரியப்பன்ர மகன். தமையன் நான் இருக்கேக்க பிறத்தியாள் ஏறி இருக்கிறது எந்த ஊர் முறை?"

"நீங்க எப்பண்ணே பெரியப்பா பையன் ஆனீங்க?" ஜிஸ்லேன் கொதித்தாள். "ஸ்கால்வர்கிட்ட அப்படி ஒரு பழக்கமே கிடையாது. அவங்கள உண்டாக்கினதே நான்தான்!"

"உண்டாக்கினது நீர்தான் பிள்ளை, ஆர் இல்லையெண்டது? ஆனா முறையெண்டு ஒண்டு இருக்கெல்லே."

படைத்தவளே பகடையை மேசையில் வைத்துவிட்டாள். ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? முறை என்பது எந்தெந்தச் சந்து வழியாகச் சுற்றினாலும், அதைத் தெரிந்தவர் உட்கார வேண்டிய நாற்காலியில்தான் வந்து முடியும்.

பூரணி அந்தப் பகடையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, குரலில் மரியாதை சொட்டச் சொட்ட, "நீங்கள் சொல்லுறது சரிதான் அண்ணை, தமையன்தான் இருக்கவேணும். ஆனா தமையனெண்டா உங்களுக்குத் துடக்கெல்லே?" என்றாள்.

துடக்கு! மரணத் தீட்டு! அண்ணையின் முகத்தில் இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள்: ஆசனத்தை விரும்பிய ஒருவர், முறை தெரிந்த ஒருவர். பின்னவர்தான் வென்றார். இந்த இனத்தை அதற்காகவாவது பாராட்ட வேண்டும்.

"ஓம். துடக்குத்தான்."

"முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் படகு ஏறேலாது, என்ன?"

"படகோ? வாசல் தாண்டேலாது!" பழைய கம்பீரம் திரும்பிவிட்டது. "மச்சம் மாமிசம் தொடேலாது. தாடி வழிக்கேலாது. ஆசனத்துக்குக் கிட்டவும் போகேலாது!"

"நான் சொந்தமில்லைத்தானே. எனக்குத் துடக்கில்லை. நான் இருந்து பாக்கட்டோ?"

"நீர்தான் பாக்கவேணும்," என்று தாமே அருளியவர்போல அனுமதித்தார். "அதுதான் முறை."

சிக்னா ஆசனம் ஏறினாள். பாய்கள் விரிந்தன, மூன்று தீவுகள் வீழ்ந்தன. அண்ணையோ ஒவ்வொரு ஞாயிறும் திரான்சியிலிருந்து தவறாமல் வந்து, பகடையைத் தொடாமல், இறைச்சிப் பற்றிஸைத் திரும்பியும் பாராமல், வெறுந்தேநீருடன் தம்பிக்குத் துக்கம் காத்தார். துடக்குக் கழிந்த ஞாயிறு பூரணியின் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

"இப்ப நாற்காலியக் கேளுங்கண்ணே," என்று பிலிப் குறும்பாகச் சீண்டினார்.

அண்ணை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கிற ஆளை எழுப்புறதோ? வளர்ந்த வீட்டில ஒண்டும் சொல்லித் தரேல்லையோ?"

பூரணியின் விரல்கள் தளர்ந்தன. ஸ்கால்வருக்கு நிரந்தரத் தலைவி கிடைத்தாள்.

நீங்கள் இந்த இனம் இல்லை. தெரியும். ஆனால் பெரியப்பன் மகனுக்கு அத்தனை நாள் துடக்கு உண்டா, பாம்பு விழுங்கியவருக்கு எந்த நாளிலிருந்து கணக்கு வைப்பது என்று திருத்திச் சொல்ல உங்கள் வாய் சற்றுமுன் பாதி திறந்ததே, அதை முதலில் மூடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார்.