மாஜி மாப்பிள்ளையின் வலப்பக்கம்

ஃபார்கோ, வடக்கு டகோட்டா
மார்ச் கடைசி, பனி இன்னும் போகவில்லை

ஒருங்கிணைப்புத் துறையின் உதவித் துணைத் தலைவனும், என் தங்கை லவோனின் ஏக புத்திரனும், கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் ஜன்னலோரம் வீற்றிருப்பவனுமாகிய சிரஞ்சீவி டேரிலுக்கு, நேற்றுவரை வானத்தில் பாதியை ஆண்ட உன் மாமா ஆர்லன் ஹாக்ஸ்டட் எழுதிக்கொள்வது. இங்கே உன் அத்தை மார்லிஸ் நலம். நாய் நலம். பிக்கப் வண்டி நலம். நான் மட்டும் நலமில்லை. காரணம் நீ.

உங்கள் பச்சைவால் விமானக் கம்பெனியும் அந்த நீலவால் கம்பெனியும் ஒன்றாகிவிட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இரண்டு தலைவர்களும் கைகுலுக்கிய வேகத்தில் எங்கள் அலமாரியில் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஆடின. பெரிய இடத்துக் கல்யாணம், நமக்கென்ன என்று நான் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ரெட் ரிவர் கம்பெனிக்காரர்கள். ஐம்பது பேர் முழங்காலை மடக்கி உட்காரும் சின்ன விமானத்தை உங்களுக்காக ஓட்டுகிறவர்கள். வாலில் பூசிய பச்சை உங்களுடையது, அதற்குக் கீழே உள்ள தகரமும் வியர்வையும் எங்களுடையது. டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும். பெட்டி தொலைந்தால் மட்டும் எங்கள் பெயர் வரும். நீலவாலுக்கும் இதே போலத் தெற்கே கல்ஃப் வேவ் என்று ஒரு குட்டிக் கம்பெனி. பெரியவர்கள் ஒன்றானதும், ரெண்டு குட்டி எதற்கு, ஒன்று போதுமே என்று எங்களையும் அவர்களையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். கட்டியவன் நீ. மின்னஞ்சலின் அடியில் உன் பெயர்தான் இருந்தது. ‘அன்புள்ள சக பறவைகளே’ என்று ஆரம்பித்திருந்தாய். டேய், நீ டயப்பர் கட்டியிருந்த காலத்திலிருந்து உன்னைத் தெரியும். நீ எந்த நாளிலும் பறவையாக இருந்ததில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன், கோபத்தில் இருக்கிறவன் எதையும் முதலிலிருந்துதான் சொல்வான். விமானிகள் உலகத்தில் ஒருவன் கெட்டிக்காரனா முட்டாளா என்று யாரும் கேட்பதில்லை. எந்தத் தேதியில் சேர்ந்தான் என்பதுதான் கேள்வி. முந்திச் சேர்ந்தவனுக்கு இடப்பக்க நாற்காலி, கேப்டன் பதவி, கிறிஸ்துமஸுக்கு வீடு. பிந்திச் சேர்ந்தவனுக்கு வலப்பக்க நாற்காலி, துணை விமானி என்ற பெயர், கிறிஸ்துமஸ் அன்று ஏதாவதொரு விமான நிலையத்தில் விறைத்துப்போன பீட்சா. நான் சேர்ந்தது பழைய காலத்தில்; அப்போது மேகங்களே இத்தனை இல்லை. ஆனால் நடுவில் எங்கள் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை திவாலாகி, திங்கட்கிழமை புதுப் பத்திரத்தோடு மறுபிறவி எடுத்ததல்லவா? அதே விமானம், அதே ஒழுகும் காபிப் பாத்திரம், அதே நாங்கள். எல்லோரும் மறுபடி கையெழுத்துப் போட்டு, பழைய வரிசைப்படியே நின்றோம், யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இப்போது கல்ஃப் வேவ்காரர்களோடு சேர்த்து நிறுத்தும்போது உன் கம்ப்யூட்டர் அந்தத் திங்கட்கிழமைதான் நான் பிறந்த நாள் என்கிறது. அதற்கு முன்னால் நான் பறந்ததெல்லாம் கனவாம்.

உன் ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஞாபகமிருக்கிறதா நீ என்ன சொன்னாய் என்று?

“மாமா, சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்குது. நான் என்ன பண்ண முடியும்?”

“நீதானேடா சிஸ்டம்!”

“நான் உதவித் துணைத் தலைவர் மட்டும்தான் மாமா.”

கேப்டன்களுக்கும் துணை விமானிகளுக்கும் நடுவே நீ கோடு கிழித்தாயே, அது எங்கே விழுந்தது தெரியுமா? எனக்கும் எனக்கு நேர் மேலே இருந்த பெயருக்கும் நடுவே. அந்தப் பெயர் ட்ரேவர். ஆமாம், அதே ட்ரேவர்தான். என் மகள் கிர்ஸ்டனைக் கட்டி, பிறகு வெட்டிக்கொண்டு டெக்சாஸுக்கு ஓடிய என் மாஜி மாப்பிள்ளை. எங்கள் மறுபிறவித் திங்கட்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால் அவன் கல்ஃப் வேவில் சேர்ந்தானாம். ஆகவே அவன் கேப்டன். நான் அவனுக்குத் துணை.

துணை விமானிக்கு மூன்று பட்டைதான் என்பதால், மார்லிஸ் என் கோட்டுக் கையிலிருந்த நான்கு தங்கப் பட்டைகளில் ஒன்றைப் பிரித்தாள். பட்டை இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் புதுசாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் கராஜுக்குப் போய் நாயைத் திட்டினேன். இடப்பக்கம் உட்கார்ந்தே பழகியவனை வலப்பக்கம் உட்கார வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? கை மாறிவிடும். பயிற்சி இயந்திரத்தில் முதல் நாள், வேகம் கூட்டும் நெம்புகோல் என்று நினைத்து, பின்னால் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பயிற்சியாளரின் முழங்காலைப் பிடித்துத் தள்ளினேன். அவரும் உறுமத்தான் செய்தார். ஒரு வாரம் விடாமல் பழகிய பிறகு வலப்பக்கம் கைவந்துவிட்டது, ஆனால் அது வீட்டுக்கும் வந்துவிட்டது. மளிகைக் கடை வாசலில் பிக்கப் வண்டியின் வலப்பக்கம் ஏறி, பெல்ட் போட்டு, யாராவது வண்டியை எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். மார்லிஸ் தள்ளுவண்டியோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள். “ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்குங்க.”

பிறகு அந்த நாள் வந்தது. ஃபார்கோவிலிருந்து மினியாபோலிஸ், இடப்பக்கம் ட்ரேவர், வலப்பக்கம் உன் மாமா. விமானி அறைக் கதவு திறந்திருந்தபோது, எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் டோரத்தி அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“ஏன் ஆர்லன், அந்தப் பக்கம் உக்காந்திருக்கே? உடம்பு சரியில்லையா?”

“காத்து நல்லா வருதுன்னு உக்காந்திருக்கேன். நீங்க போய் உங்க சீட்டுல உக்காருங்கம்மா.”

பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்வரை விமானிகள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசக்கூடாது என்பது சட்டம். நான் சட்டத்தை மதிப்பவன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். நான் கொதித்த கொதிப்பில் கண்ணாடியில் உறைந்திருந்த பனி தானாக வழிந்தது. பத்தாயிரத்தைத் தாண்டினோம்.

“குடிசை எங்கடா?”

“எந்தக் குடிசை மாமா?”

“நான் உனக்கு மாமா இல்ல. ஐஸா உறைஞ்ச ஏரி மேல உக்காந்து மீன் பிடிக்கிற என் குடிசை! அடுப்பு வெச்சு, மெத்தை போட்டு, நானே கட்டினது. பொண்ணை விட்டுட்டுப் போனே, சரி. குடிசையை ஏன்டா வண்டியில கட்டி இழுத்துட்டுப் போனே?”

“அது கல்யாணப் பரிசு மாமா. நீங்கதான ரிப்பன் கட்டிக் குடுத்தீங்க?”

“கல்யாணத்துக்குக் குடுத்தேன். கல்யாணம் எங்க?”

“மாமா, ரேடியோ கூப்பிடுது. எடுங்க.”

ரேடியோ எடுப்பது துணையின் வேலை. வடக்கு டகோட்டாவின் சிங்கம் ‘சரிங்க, இறங்குகிறோம்’ என்று பூனைக்குட்டிக் குரலில் சொன்னது. சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

“டெக்சாஸ்ல ஏதுடா ஐஸு? அங்க அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றே?”

“கோழி வளக்கிறேன் மா—”

பத்தாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டோம். சட்டம். அவன் வாயை மூடிக்கொண்டான். கோழியா? என் குடிசையிலா? என் மெத்தையிலா? சக்கரம் தரையைத் தொடும்வரை அந்தக் கோழிகள் என் மண்டைக்குள் கொக்கரித்தன. இறங்கியதும் பழக்க தோஷத்தில் மைக்கை எடுத்து, “இது உங்கள் கேப்டன் ஆர்லன்” என்று ஆரம்பித்தேன். ட்ரேவர் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினான். பிடுங்கவில்லை, டேரில். வாங்கினான். பிடுங்கியிருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது.

இதெல்லாம் என் ஒருவன் புலம்பல் என்று நினைக்காதே. மேற்கே ஒரு சின்ன ஊருக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தை ‘இரட்டிப்பு’ என்று நிறுத்திவிட்டாய். அந்த ஊருக்கு இருந்ததே ஒன்று. அது எதனுடைய இரட்டிப்பு? அங்கே நெஞ்சு வலிக்காரர்கள் பனியில் அரை நாள் வண்டி ஓட்டி மருத்துவரிடம் வருகிறார்கள். உன் புது வரைபடத்தில் அந்த ஊர் இருந்த இடத்தில் கம்பெனிச் சின்னத்தின் சிறகு நுனி இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது.

எனக்கு அறுபத்தைந்து வர இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது. வந்தால் சட்டப்படி வீட்டுக்குப் போய்விட வேண்டும். எந்த நாற்காலியில் இத்தனை காலம் உட்கார்ந்தேனோ அதிலிருந்து எழுந்து, கேப்டனாகப் படியிறங்கிப் போக வேண்டும். கேட்பது அவ்வளவுதான். என் தேதியைத் திருப்பிக் கொடு. கொடுக்காவிட்டால், உன் கட்டடத்தின் ஒவ்வொரு ஜன்னலுக்கு முன்னாலும் ஒருமுறை பறந்து, உன்னைப் பார்த்து நாக்கைத் துருத்துவேன். லவோனிடம் சொல்லி உன் நன்றித் திருநாள் வான்கோழியை நிறுத்துவேன். நான் எதற்கும் துணிந்தவன்.

உன் மனைவிக்கும், பல் முளைக்கிற குழந்தைக்கும் எங்கள் அன்பு. உன் பதவி மேலும் மேலும் உயர்ந்து, ஒருநாள் வேறொரு கம்பெனி உன் கம்பெனியை விழுங்கி, உன் தேதியும் தொலைந்துபோக இந்த மாமாவின் மனப்பூர்வமான ஆசிகள்.

உன் தாய்மாமன்,
ஆர்லன் ஹாக்ஸ்டட்
(கேப்டன். அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்: கேப்டன்.)

பி.கு.: நான் உறையை ஒட்டிக் கொடுத்து, அதைத் தபாலில் போட மார்லிஸ் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போது ட்ரேவர் போன் செய்தான்.

“மாமா, இப்ப வந்த மெயில் பாத்தீங்களா? ஃபார்கோவுல இனிமே கேப்டன்களே கிடையாதாம். எல்லாரும் டெக்சாஸுக்கு, பிரௌன்ஸ்வில்லுக்கு வந்துடணுமாம். துணை விமானிங்க மட்டும் அங்கயே இருக்கலாமாம்.”

“கேப்டன் அங்க, துணை இங்க. ரெண்டு பேரும் ஒரே விமானத்துல எப்படிடா உக்காருறது?”

“அதைப் பத்தி மெயில்ல ஒண்ணும் போடல. நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, டேரில்கிட்ட சொல்லித் தேதியை மாத்தப் போறீங்கன்னு அத்தை சொன்னாங்க. மாத்திட்டா நீங்களும் கேப்டனா இங்க வந்துடலாம். எங்க பக்கத்து வீடு காலியாத்தான் இருக்கு மாமா.”

இத்தனை நல்ல திட்டுகளை வீணாக்க மனமில்லாததால் உறையைப் பிரித்து இதையும் சேர்த்து அனுப்புகிறேன். டேரில், என் ராஜா, என் தேதியைத் தொடாதே. தொட்டிருந்தால் அழித்துவிடு. மேலே யாராவது வந்து கேட்டால், உன் மாமா போன வியாழக்கிழமைதான் வேலையில் சேர்ந்தார் என்று சொல்.