கொப்பளிக்கும் பண்டிதர்

பற்பசைப் பண்டிதர் என்று ஓர் இனம் உண்டு. கடையில் பற்பசை அடுக்கின் முன்னால் வழியை மறித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பற்பசைக் குழாயின் முதுகில் எறும்பு எறும்பாக அச்சடித்திருப்பதை உதடசைத்துப் படிப்பவரைப் பார்த்திருப்பீர்களே, அவர்தான். விலகச் சொல்லிப் பாருங்கள். விலகமாட்டார், விளக்குவார்.

எனக்குத் தெரிந்த பண்டிதர் எங்கள் மேல்மாடிக்காரர், கணக்காளர். அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே சமயத்தில் பல்லில் சுண்ணாம்பு தெறித்ததுபோல வெள்ளைப் புள்ளி விழுந்தது. பல் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இன்னும் குழி விழல. எனாமல்ல சத்து மட்டும்தான் கரைஞ்சிருக்கு. இனிப்பைக் குறைச்சு, ஃப்ளோரைடு பேஸ்ட்டால ஒழுங்கா தேய்ங்க, திரும்ப இறுக வாய்ப்பிருக்கு. தேய்ச்சதும் துப்பிடுங்க, கொப்பளிக்காதீங்க. குழி விழுந்துட்டா எந்தப் பேஸ்ட்டும் அடைக்காது, மெஷின் வெச்சுக் குடையணும்."

குடைவது என்றதும் பண்டிதரின் முகம் வெளுத்தது. ஊசி என்ற சொல்லுக்கே நாற்காலியைத் தேடுபவர் அவர்.

அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் பாடம். எச்சிலில் மிதக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் ஃப்ளோரைடு கைப்பிடித்து அழைத்துவந்து பல்லில் குடியேற்றும் என்று காய்கறிக்காரரிடம் சொன்னார், சம்பந்தியிடம் போனில் சொன்னார், லிஃப்டில் அகப்பட்ட என்னிடமும் சொன்னார். பல் ஆஸ்பத்திரியில் பிறர் பல்லைத் துலக்கிவிட்டே சம்பளம் வாங்கியவள் நான். ஒரு பிழைகூடப் பிடிக்க முடியவில்லை.

பிறகு துலக்குவார். துலக்கியதும்? குவளை குவளையாகத் தண்ணீர் மொண்டு, தொண்டை வரை உருட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும்படி கொப்பளித்து, குடியேற வந்த அத்தனை பேரையும் சாக்கடைக்கு வழியனுப்பிவைப்பார்.

"ஏங்க, துப்பினா போதும்னு டாக்டர் சொன்னாங்களே. மருந்து கொஞ்ச நேரம் பல்லுல இருக்க வேண்டாமா?" என்பார் மனைவி.

"அது உன்னை மாதிரி ஆளுங்களுக்குச் சொன்னது. பேஸ்ட்டுக்குள்ள என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"உள்ள இருக்கிறதைத்தான் வெளிய ஊத்துறீங்க."

மறுபரிசோதனைக்குப் போனார்கள். மனைவியின் புள்ளி இறுகி, பளபளவென்று இருந்தது. அவருடையதில் குழி. ஊசி, குடைச்சல், அடைப்பு எல்லாம் ஆயிற்று. மரத்துப்போன பாதி உதடு தொங்க வெளியே வந்தவர், காத்திருந்தவர்களுக்கு மனைவியைக் காட்டினார்.

"இவ பல்லைப் பாருங்க. எல்லாம் நான் தேர்ந்தெடுத்த பேஸ்ட்."

"வாயை மூடுங்க, எச்சில் ஒழுகுது," என்றார் மனைவி.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. துலக்கினால் கொப்பளிக்கக் கூடாது என்று படித்த உடனே, இதை மச்சானுக்குச் சொல்லியாக வேண்டுமே என்று உங்கள் கை போனைத் தேடியதா? நாளைக் காலையில் அதே கை குவளையையும் தேடும்.